படுக்கையருகே ஒரு பள்ளிக்கூடம்

பட்டணத்துப் பரதேசிகள் – மாதாந்தரப் பகுதி



சென்ற மாத உபவாச ஜெபம் முடிந்து, சபையார் கஞ்சியும் பயறும் பரிமாறிக்கொண்டிருந்த வேளையில், நம் சபையின் மருத்துவச் சகோதரர் என் அருகில் வந்து அமர்ந்தார். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். இந்தத் திருவனந்தபுரத்தில் பதினைந்து ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையில் பொதுமருத்துவராகப் பணிபுரிகிறார். “அக்கா, ஒரு காரியத்துக்காக ஜெபிக்கவேண்டும்” என்றார். அவருடைய மருத்துவமனைக்கு மாணவர்கள் பயிற்சிக்காக அனுப்பப்படுகிறார்கள். மருத்துவ மாணவர் சிலர். பிசிசியன் அசிஸ்டன்ட் படிக்கும் பிள்ளைகள் சிலர். அவர்களைத் தம்முடன் வைத்துக்கொண்டு, நோயாளிகளின் படுக்கையருகே நின்று தொழில் கற்பிக்கும் பொறுப்பை ஏற்கும்படி நிர்வாகம் அவரைக் கேட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அவர் மறுத்துவருகிறார். மூன்றாம் முறையும் கேட்டுவிட்டார்கள்.

“ஏன் மறுக்கிறீர், தம்பி?” என்றேன்.

காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நேரமில்லை. ஞாயிறு பள்ளியும் வெள்ளி இரவு ஜெபக்கூட்டமும் ஏற்கெனவே அவர் தோளின்மேல் இருக்கின்றன. வீட்டில் அவருடைய முகத்தைப் பிள்ளைகள் காண்பதே அரிது. கற்பிப்பதற்குத் தனிச் சம்பளமும் இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்து, மெல்லிய குரலில் இன்னொன்றும் சொன்னார்: “எனக்குக் கற்பித்தவர்கள் எனக்குச் செய்ததையே நானும் இந்தப் பிள்ளைகளுக்குச் செய்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது.”

அந்தக் கடைசிக் காரணந்தான் இந்த மாதம் என்னை எழுதவைத்தது. முப்பது ஆண்டுகளுக்குமேல் செவிலியாக வார்டுகளில் நின்றவள் நான். அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கிற்று.

மருத்துவம் அறியாத வாசகர்களுக்கு இந்தப் பொறுப்பு இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரியின் வகுப்பறையில் புத்தகம் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர். நோயாளியிடம் எப்படி அமர்வது, எதைக் கேட்பது, எங்கே தொடுவது, எப்போது பயப்படுவது என்று கூடவே நடத்திக் காட்டுகிறவர் வேறொருவர். இவருக்குப் பேராசிரியர் பட்டம் இருக்கவேண்டும் என்பதில்லை. தம் அன்றாட வேலையைச் செய்துகொண்டே மாணவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுகிறவர். இந்தத் தேவை நம் நாட்களில் பெருகியிருக்கிறது. முதுநிலை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரியவேண்டும் என்னும் விதி 2020-ல் வந்தது. அதனால், கல்லூரியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதிருந்த மாவட்ட மருத்துவர்கள்கூட ஆசிரியர்களாகிவிட்டார்கள்.

பிசிசியன் அசிஸ்டன்ட் என்பது மருத்துவருக்குக் கீழ், அவருடைய பொறுப்பில் நின்று வேலைசெய்யும் உதவியாளர். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவார், பரிசோதிப்பார், அறுவைச் சிகிச்சையில் கைகொடுப்பார். தாமாகத் தனித்துச் சிகிச்சை நடத்துவதில்லை. இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-ல் சென்னையின் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் தொடங்கிற்று. அதைத் தொடங்கிவைத்தவர் இருதய அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் கே.எம். செரியன், கேரளத்துக்காரர், 2025 ஜனவரியில் மறைந்தார். தமிழ்நாட்டில் இப்போது மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியுமாக இது நடைபெறுகிறது. 2021-ல் நிறைவேறிய மத்தியச் சட்டம் இந்தத் தொழிலையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து நம் சபைகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். அந்தக் கடைசி ஓராண்டு யாருடைய நிழலில் கழிகிறது என்பதைப் பொறுத்தே அவர்கள் கை உருவாகிறது.

இது புதிய காரியம் என்று சகோதரர் எண்ணினார். நான் அவருக்கு நெய்யூரை நினைவூட்டினேன். தம்பானூரிலிருந்து நாகர்கோவில் பேருந்தில் ஏறி நாம் ஊருக்குப் போகையில், பாதையை விட்டுச் சற்று விலகினால் இரணியலுக்கு அடுத்து இருக்கிற அதே நெய்யூர். அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தெற்கு மூலை. தலைநகரோ நாம் இப்போது வாடகைக்குக் குடியிருக்கும் இந்தப் பட்டணம். 1838-ல் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவர் ராம்சே அங்கே வந்தார். அவருக்குப்பின் வந்த லீச் 1854-ல் கடலில் மூழ்கி மாண்டார். 1861-ல் வந்த ஜான் லோ ஒரு காரியத்தைக் கண்டுகொண்டார்: வருகிற ஜனங்களுக்கு ஒரு மருத்துவரின் இரு கைகள் ஒருபோதும் போதாது. ஆகவே அவர் உள்ளூர் வாலிபரைச் சேர்த்து ஒரு சிறு மருத்துவ வகுப்பு நடத்தினார். காலையில் நோயாளிகளைக் காட்டுவார். பின்பு பாடம் சொல்வார். அந்த வாலிபர்கள் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதன் பலன் எப்போது தெரிந்தது என்றால், லோ இல்லாதபோது. 1868-ல் அவர் தாயகம் திரும்பினார். அடுத்த மருத்துவர் தாம்சன் வந்துசேர்ந்தது 1873-ல். நடுவிலிருந்த அந்த ஆண்டுகளில் மருத்துவமனைக் கதவு மூடப்படவில்லை. லோவின் கையில் பயின்ற உள்ளூர் உதவியாளர்களே வேலையைத் தாங்கினார்கள். இன்று பிசிசியன் அசிஸ்டன்ட் என்ற ஆங்கிலப் பெயரோடு வருகிறவர்களுக்கு நம் ஊரில் நூற்றைம்பது வருஷத்து மூதாதையர் உண்டு. நம் பாட்டிமார் அவர்களையும் ‘டாக்டர்’ என்றுதான் அழைத்திருப்பார்கள். எடின்பரோவுக்குத் திரும்பிய லோவும் சும்மா இருக்கவில்லை; மருத்துவ மிஷனரிகளைப் பயிற்றுவிக்கும் நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்தினார்.

நெய்யூர் என்றதும் மூத்தவர்களுக்கு வேறொரு பெயரும் நினைவுக்கு வரும். ஹோவர்ட் சாமர்வெல் 1922-ல் எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற குழுவில் இருந்தவர். திரும்பும் வழியில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூர் மருத்துவமனைக்கு வந்தார். வாசலில் காத்திருந்த கூட்டத்தையும், உள்ளே ஒற்றையாளாய் உழைத்துக்கொண்டிருந்த அறுவை மருத்துவரையும் கண்டார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், ஆக்ஸிஜன் உதவியின்றி ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறினார் என்பது உலகம் அறிந்தது. உலகம் அவ்வளவாய்ப் பேசாத பகுதி ஒன்று உண்டு. நெய்யூரில் நெடுங்காலம் ஆயிரக்கணக்கான வயிறுகளை அறுத்துத் தைத்த பின்பு, மூத்த வயதில் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் மாணவருக்குக் கற்பிப்பவரானார். நம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரக்கோணத்தில் 2002-ல் தொடங்கிய சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இந்த இடத்தில் சில விசுவாசிகள் ஆசா ராஜாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். 2 நாளாகமம் 16-ஆம் அதிகாரத்தில் ஆசா கண்டிக்கப்படுவது கர்த்தரைத் தேடாமற்போனதற்காக. வைத்தியமே பாவமாயிருந்தால் பவுல் தன் பிரயாணங்களில் லூக்காவை ஏன் கூட வைத்திருந்தான்? இதை இதற்குமேல் நான் வாதிப்பதில்லை. தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவள் நான். இன்சுலின் ஊசியைச் சரியான அளவில் போடக் கற்றுக்கொடுத்ததற்காகச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

சரி, படுக்கையருகே மாணவனுக்கு எது கைமாறுகிறது?

கொல்லிமலையில் மிஷனரிகளின் பிள்ளையாய்ப் பிறந்து, 1946-ல் வேலூருக்கு வந்து, குஷ்டரோகிகளின் கைகளுக்கு அசைவைத் திரும்பக் கொடுத்தவர் டாக்டர் பால் பிராண்ட். பிலிப் யான்சியோடு சேர்ந்து அவர் எழுதி 1980-ல் வெளிவந்த நூலில் வரும் நிகழ்ச்சி ஒன்றை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். வேலூரில் ஒருநாள் மாணவர் குழுவோடு வார்டில் நிற்கிறார். பயிற்சி மருத்துவன் ஒருவன் ஒரு பெண் நோயாளியின் கட்டிலருகே முழங்காலிட்டு, அவள் வயிற்றைப் பரிசோதித்தபடியே கேள்வி கேட்கிறான். அப்போது அவன் முகத்தில் ஒரு பாவனை தோன்றுகிறது: புருவம் ஒன்று உயர, கண்ணில் பரிவும் ஆராய்ச்சியும் கலந்திருக்க, நோயாளியை உண்மையைச் சொல்லத் தூண்டும் பார்வை. பிராண்ட் திகைத்துப்போனார். அது லண்டனில் அவருக்குக் கற்பித்த அறுவை மருத்துவர் ராபின் பில்ச்சரின் முகம். இந்தப் பையன் இங்கிலாந்துக்குப் போனதில்லை, பில்ச்சரைக் கண்டதுமில்லை. அதை அவர் கேட்டபோது மாணவர்கள் சிரித்தார்கள். பில்ச்சர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அது உங்கள் முகபாவனைதான் என்றார்கள். பில்ச்சரிடமிருந்து பிராண்டுக்கு வந்தது, பிராண்டுக்கே தெரியாமல் அந்தப் பையனுக்குப் போயிருந்தது.

2 தீமோத்தேயு 2:2-ஐ எடுத்துப் பாருங்கள். பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள் – ஒரே வசனத்துக்குள் நான்கு தலைமுறை. நாம் இதை உபதேசத்துக்கு மாத்திரம் சொல்லிக்கொள்ளுகிறோம். முகமும் கையும் குரலுங்கூட அப்படித்தான் இறங்குகின்றன. நம் சகோதரர் பயந்ததும் இதற்குத்தான். நல்ல முகம் இறங்குவதுபோலவே கடிந்துகொள்ளும் முகமும் இறங்கும்.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்குமுன், நான் பணிபுரிந்த ஒரு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் ஒரு சீஃப் இருந்தார். கைத்திறமையில் நிகரற்றவர். ரவுண்ட்ஸ் நேரத்தில் ஹவுஸ் சர்ஜன் யாராவது பதில் தவறினால், கேஸ் ஷீட்டை அவர் நெஞ்சில் எறிவார். நோயாளிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ஒரு பையனிடம், அற்பக் காரியத்துக்காக இரவில் தம்மை எழுப்பினான் என்று, அவன் மருத்துவத்துக்கே லாயக்கற்றவன் என்றார். மறுநாள் இரவும் அதே பையனுக்குத்தான் டியூட்டி. அன்று பகலில் வயிற்றில் அறுவை நடந்த நடுவயதுக்காரர் ஒருவரின் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே வந்தது. பத்து மணிக்குத் தொண்ணூற்றாறு, நடுநிசியில் நூற்றுப்பத்து, இரண்டு மணிக்கு நூற்று முப்பது. “சீஃபைக் கூப்பிடுங்கள்” என்றேன். “இன்னும் அரைமணி பார்ப்போம், சிஸ்டர்” என்றான். அவன் கை நடுங்கிற்று. நான் தொலைபேசியை எடுத்திருக்கலாம். அவர் வாய்க்கு நானும் பயந்தேன். ஐந்து மணிக்குத்தான் அழைத்தோம். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மறுபடி அறுத்தார்கள். அவர் மூன்றாம் நாள் இறந்துபோனார். விசாரணைத் தாளில் அந்தப் பையனின் பெயர் எழுதப்பட்டது. அவன் வாயை அடைத்தவர் பெயர் அதில் இல்லை. என் பெயரும் இல்லை.

அந்த மனுஷனுடைய மனைவி, காலையில் காப்பி வாங்கப் போய்விட்டு, பிளாஸ்கோடு வராந்தாவில் நின்ற நிலையை இன்றும் ஜெபத்தில் காண்கிறேன்.

ஆகவே சகோதரரிடம் நான் சொன்னது இதுதான்: “உமக்கு நேர்ந்ததை நீர் மறக்கவில்லையே, அதுவே உமக்குத் தகுதி. நீர் மறுத்தால் அந்த இடம் காலியாயிராது. தம் நெஞ்சில் கேஸ் ஷீட் பட்டதை மறந்துபோன ஒருவர் அங்கே வந்து நிற்பார்.”

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் ஒரு பையனைக் குணமாக்க முயன்று, ஜனக்கூட்டத்தின் முன்பாகத் தோற்றுப்போகிறார்கள். வேதபாரகர் சுற்றி நின்று தர்க்கிக்கிறார்கள். கர்த்தர் அவிசுவாசத்தைக் கடிந்துகொள்ளாமல் இல்லை. ஆனாலும் முதலில் பிள்ளையின் தகப்பனிடம் பேசுகிறார், எவ்வளவு காலமாய் இப்படியிருக்கிறது என்று, ஒரு நல்ல மருத்துவர் கேட்பதுபோலக் கேட்கிறார், பிள்ளையைச் சொஸ்தமாக்குகிறார். எங்களால் ஏன் கூடாமற்போயிற்று என்று சீஷர்கள் கேட்பதும் அவர் விளக்குவதும் வீட்டுக்குள் போனபின்பு, தனிமையில். அப்போஸ்தலர் 18-லும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோவைச் சபைநடுவே நிறுத்தித் திருத்தவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். நோயாளிக்கு உடனே ஆபத்து வரக்கூடிய தவறானால் அந்தக் கணமே தடுக்கத்தான் வேண்டும். மற்றவை டியூட்டி ரூமுக்குக் காத்திருக்கலாம்.

கற்பிக்க நேரமில்லை என்ற காரணத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு வெளிநோயாளர் பகுதியில் காலைமுழுவதும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். 1992-ல் அமெரிக்காவின் குடும்ப மருத்துவ ஆசிரியர் சிலர் இதற்கென்று ‘ஒரு நிமிட ஆசிரியர்’ என்ற முறையை எழுதிவைத்தார்கள். பெயர் கொஞ்சம் அங்காடித்தனமானதுதான், விஷயம் நல்லது. நம் ஊர் மழைக்காலத்தை வைத்தே சொல்கிறேன். காய்ச்சலோடு ஒரு கூலித்தொழிலாளி வருகிறார். மாணவி அவரைப் பார்த்துவிட்டு வருகிறாள். ஆசிரியர் உடனே தம் முடிவைச் சொல்லிவிடலாகாது. “உனக்கு என்ன என்று படுகிறது?” என்று முதலில் அவளைக் கேட்கவேண்டும். வைரஸ் காய்ச்சல் என்கிறாள். “எதைக்கொண்டு அப்படிச் சொல்கிறாய்?” இந்தக் கேள்வியில்தான் அவள் எதைப் பார்த்தாள், எதைப் பார்க்கவில்லை என்பது வெளிப்படும். அதன்பின் ஒரே ஒரு பொதுவிதி: மழைக்காலத்தில், தேங்கிய நீரிலோ ஓடையிலோ சேற்றிலோ வேலைசெய்கிறவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் இருந்தால், எலிக்காய்ச்சலை நினை, பரிசோதனை முடிவு வரட்டும் என்று மருந்தைத் தாமதிக்காதே. அடுத்து, அவள் சரியாய்ச் செய்ததைக் குறிப்பாய்ச் சொல்லவேண்டும். ‘நன்று’ என்று பொதுவாய்ச் சொல்லிவிட்டால் எது நன்று என்று அவளுக்குத் தெரியாது. “அவர் செய்யும் வேலை என்ன என்று கேட்டாயே, அது சரி.” கடைசியில் திருத்தம்: “கெண்டைக்காலை அழுத்திப் பார்க்கவில்லை. சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேட்கவில்லை. வா, போய்க் கேட்போம்.” இவ்வளவுக்கும் ஐந்து நிமிஷம் ஆகாது. அந்த மாணவி தன் வாழ்நாளெல்லாம் மழைக்காலத்தில் கெண்டைக்காலை அழுத்திப் பார்ப்பாள்.

கட்டிலில் கிடக்கிறவரும் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர்தான். அவரை யாரும் அப்படி நடத்துவதில்லை. ‘அந்த லிவர் கேஸைப் பாருங்கள்’ என்று அவர் காதுபடச் சொல்லுகிறோம். பத்துப் பிள்ளைகள் அனுமதி கேளாமல் போர்வையை விலக்குகிறார்கள். அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் அவருடைய தலைக்குமேலே பேசி, தலையை அசைத்துவிட்டுப் போகிறோம். தமக்கு மரணம் நிச்சயம் என்று அவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார். நான் சொல்வது சாதாரணக் காரியம். ஆசிரியர் நோயாளியைப் பேர்சொல்லி மாணவருக்கு அறிமுகப்படுத்தட்டும். இவர்கள் மாணவர்கள் என்று சொல்லட்டும். பார்க்கலாமா என்று கேட்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும், சிகிச்சையில் அதனால் ஒரு குறையும் வராது என்றும் சொல்லட்டும். பெண் நோயாளியானால் ஒரு பெண் துணை நிற்கவேண்டும். மாணவன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைக்கட்டும்; குளிர்ந்த கை பட்டால் வயிற்றுத்தசை இறுகிவிடும், பரிசோதனையே பொய்யாகும். பிராண்டும் தம் மாணவருக்கு இதைக் கற்பித்திருந்தார். 2019-ல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டத்தில் நோயாளியோடு பேசுவதும் நடந்துகொள்வதும் பாடமாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பது சந்தோஷமான செய்தி. ஆனால் பாடமாய்ப் படித்ததை வார்டில் ஒருவர் செய்துகாட்டாவிட்டால், பரீட்சை முடிந்த மறுநாள் அது மறைந்துபோகும்.

சகோதரிகளே, நீங்களும் மருத்துவமனையில் கிடக்கும்போது ஒரு மாணவி வெட்கத்தோடு வந்து நின்றால், மனமிருந்தால் இடங்கொடுங்கள். என் சொந்த அறுவைச் சிகிச்சையின்போது ஒரு சின்னப் பெண் என் கையில் நரம்பு தேடி மூன்று முறை குத்தினாள். நான்காம் முறை அவள் எடுக்காமல் சீனியரை அழைத்தாள். எத்தனை முறை முயலலாம், எப்போது நிறுத்தவேண்டும் என்று யாரோ அவளுக்கு நன்றாய்க் கற்பித்திருந்தார்கள்.

இன்னொன்று, இதில் சிலர் என்னோடு ஒத்துப்போகமாட்டார்கள். மாணவர் கையில் கிடைத்தார்களென்று அவர்களுக்குச் சுவிசேஷப் பிரசங்கம் பண்ணலாகாது. அவர்களுடைய பதிவேட்டில் கையொப்பமிடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கிறவர் ஜெபிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? உங்களைப் பார்த்து, நீங்கள் ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று அவர்களாகக் கேட்கும் நாளில் சொல்லுங்கள். வீட்டில் அவர்களுடைய பேர்களைச் சொல்லி ஜெபிப்பதை யாரும் தடைசெய்யவில்லை.

திருவனந்தபுரத்தில் வேலைசெய்கிற தமிழ் மருத்துவருக்கு வேறெவருக்கும் இல்லாத ஒரு பாடமும் உண்டு. 1951-ல் இங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்தில் கன்னியாகுமரிப் பகுதியும் இதே ராஜ்யத்தில்தான் இருந்தது. 1956 நவம்பரில் எல்லை மாறிற்று. எல்லை மாறினாலும் நோயாளிகளின் வழி மாறவில்லை. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் மருத்துவக் கல்லூரிக்கும், புற்றுநோய் மையத்துக்கும், ஸ்ரீ சித்திராவுக்கும் நம் ஜனங்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். அவர்களைப் பரிசோதிக்கும் மாணவர் பெரும்பாலும் மலையாளிகள். ஏறக்குறைய ஒரே பாஷை என்று இருசாராரும் நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எலிக்காய்ச்சலுக்கே எலிப்பனி என்றுதான் பெயர். “பனி உண்டோ?” என்று மாணவன் கேட்க, நம் பாட்டி ஜன்னலைப் பார்த்து, “இப்போது இல்லை, விடியற்காலையில்தான்” என்கிறாள். மயக்கம் என்று தமிழர் சொல்வது தலைசுற்றி விழப்போவதை. மலையாளிக்கு அது கண்ணயர்வு. தலை கறங்குகிறது என்று சொன்னால்தான் அவர்களுக்குப் பிடிபடும். இருதய நோயாளி ஒருவர் மயக்கம் வந்தது என்று சொல்ல, தூக்கக்கலக்கம் என்று எழுதப்பட்ட கேஸ் ஷீட்டை நானே திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

பாஷையின் அருமையை அறிந்த ஒரு மருத்துவ ஆசிரியர் நம்மினத்தாருக்கு வாய்த்திருந்தார். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் வாலிபரைச் சேர்த்து மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பிற்பாடு தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1884-ல் அமெரிக்காவில் மரித்தபோது, தமிழருக்கு மருத்துவ ஊழியஞ்செய்தவர் என்பதே அவர் விருப்பப்படி கல்லறையில் பொறிக்கப்பட்டது. மலையாள மாணவருக்கு நான்கு தமிழ்ச்சொல் கற்பிக்க நம் சகோதரருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. தாய் கற்றுக்கொடுத்த பேச்சே போதும்.

இதற்கு விலை உண்டு என்பதையும் நான் அவருக்கு மறைக்கவில்லை. ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை குறையும். மாணவன் எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் வாசித்துத்தான் கையொப்பமிடவேண்டும். அவன் செய்ததற்குப் பதில்சொல்ல வேண்டியவர் இவரே. வீட்டுக்குப் போக இன்னும் தாமதமாகும். ஆகவே முதலில் மனைவியிடம் பேசும்படி சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தை நடத்த வேறு வாலிபர் சபையில் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். பாஸ்டருக்கு இது அவ்வளவாய்ப் பிடிக்கவில்லை, ஆனாலும் அனுமதித்தார்.

பத்து நாள் கழித்துச் சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குமேல் வேண்டாம், வாரத்தில் மூன்று காலை மாத்திரம் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறார், ஒப்புக்கொண்டார்கள். முதல்நாள் ஒரு மருத்துவ மாணவனும், பிசிசியன் அசிஸ்டன்ட் படிக்கும் ஒரு பெண்ணும் வந்தார்கள். இருவரும் மலையாளிகள். அவர்களிடம் அவர் முதலாவது கொடுத்தது தம் கைபேசி எண்ணாம். இரவு எந்நேரமும் அழைக்கலாம், அற்பக் காரியமானாலும் அழைக்கலாம் என்று சொன்னாராம். அன்று இரவு ஒன்றரை மணிக்கு அந்தப் பையன் அழைத்திருக்கிறான். அற்பக் காரியந்தான். “கோபம் வந்ததா, தம்பி?” என்றேன். “வந்தது, அக்கா. அழைத்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்” என்றார்.

அந்தப் பெண்பிள்ளை நோயாளிகளிடம் பேசத் தமிழ்ச்சொற்கள் எழுதித்தரும்படி கேட்டிருக்கிறாள். சகோதரர் அந்த வேலையை என் தலையில் போட்டுவிட்டார். நெஞ்சு கரிக்கிறது, கை மரத்துப்போகிறது, இழுப்பு, வலிப்பு, நீர்க்கடுப்பு, கண் இருட்டுகிறது என்று இரண்டு பக்கம் நிரப்பியிருக்கிறேன். என்னுடையவை விளவங்கோட்டுச் சொற்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்கள் தங்கள் வீட்டு மூத்தவர்கள் வலியைச் சொல்லும் வார்த்தைகளை ஒரு தபால் அட்டையில் எழுதி இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பினால், மூன்றாம் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுகிறேன்.